முன்பக்கத்து மூன்று நட்டுகள்

கம்பியின் முனை ரப்பர் வளையத்துக்குள் போவேனா என்று அடம் பிடித்தது. சென்னியப்பன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முதுகுக்குக் கீழே பழைய ஃபிளெக்ஸ் பேனர். அதில் எப்போதோ கல்யாணமான ஒரு ஜோடி கைகூப்பி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தது, மாப்பிள்ளையின் முகம் மட்டும் அவர் இடுப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வயிற்றின் மேல் சைலன்சர். இடது கையால் அதை ஏந்திப் பிடித்து வலது கையால் ரப்பரை இழுக்க வேண்டும். மூன்றாவது கை ஒன்று இருந்தால் அரை நிமிஷ வேலை. அறுபத்தொரு வயதில் இருக்கிற இரண்டு கை சொன்ன பேச்சைக் கேட்பதே பெரிய காரியம். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன, கிண்ணத்தில் கரைத்தே வைத்திருந்தார், ஆனால் கிண்ணம் முன்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, எட்டி எடுக்க வேண்டும். எடுக்கலாம். எடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கை தானாக மெதுவாயிற்று. இரண்டு வருஷமாக இந்தப் போர்டிகோவில் வளர்ந்த கார் இது. மரப்பெட்டிகளில் லாரியில் வந்து இறங்கியது: இரும்புச் சட்டம், ஃபைபர் உடம்பு, ஸ்டியரிங், இரண்டே இரண்டு சீட்டு, எந்த நட்டு எந்த இடத்துக்கு என்று படம் போட்ட ஒரு புத்தகம். எஞ்சினை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். பழைய சின்னக் கார் ஒன்றிலிருந்து மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, பிரித்து, கழுவி, பூட்டினார். சிங்காநல்லூரில் அந்தத் தெரு வழியாகப் போகிறவர்கள் கேட்டில் முகத்தை வைத்து, பேரனுக்குங்களா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். மச்சினனின் தென்னந்தோப்புக்குள் ஒரு கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது, அது போதும். எதற்குப் போதும், யாருக்குப் போதும் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. சைலன்சர்தான் கடைசி உருப்படி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு துரைராஜ் வருகிறான்.

துரைராஜ் ஒண்டிப்புதூரில் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பழைய கார், பந்தயக் கார் இரண்டும் அவனிடம் வரும். நல்ல பையன், பையன் என்ன பையன், அவனுக்கே ஐம்பது ஆகிறது. ஆறு மாசமாக ஒரே பாட்டு: அண்ணா, நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாப் போதும், ஸ்பானரத் தொட வேண்டாம், நின்னு காது குடுங்க, என்னன்னு சொல்லுங்க, மிச்சத்த என்ற பசங்க பாத்துக்குவாங்க. காது குடுங்க. அதைத்தான் எல்லோரும் கேட்டார்கள், முப்பத்தைந்து வருஷமாக. காதுக்கார சென்னியப்பன் என்று சொன்னால்தான் கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும், வெறும் சென்னியப்பன் என்றால் எந்தச் சென்னியப்பன் என்பார்கள். ஒருமுறை மில் முதலாளி ஒருத்தருடைய கார். மூன்று மெக்கானிக் எஞ்சினை இறக்கி ஏற்றியும் தட்டல் சத்தம் போகவில்லை. இவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கார் ரோட்டில் போயிற்று, அவ்வளவுதான், ரெண்டாவது சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு என்றார். டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. அது ஊர் முழுக்கப் பரவி, பரவுகிறபோதே கொஞ்சம் வளர்ந்து, கடைசியில் அவர் வீட்டுக்குள் படுத்துக்கொண்டே சொன்னதாக ஆகிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. பந்தயக் காலத்தில் சைலன்சர் இல்லாத எஞ்சின்கள் பக்கத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்த ஒரு பையனைப் பார்த்து, ஏன்டா, கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் பொண்ணு பாக்கப் போவியா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்தப் பையன் பெயர் நினைவில்லை. அவன் இப்போது எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பான், பாவி. துரைராஜிடம் ஒவ்வொரு தடவையும், வண்டி முடியட்டும் தம்பி, அப்புறம் வர்றேன் என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாசத்தை ஓட்டியாயிற்று. ஒரு பிரேக் குழாயை மூன்று தடவை கழற்றி மாட்டினார். நன்றாக இருந்த பெயிண்டைத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார். இனிமேல் தேய்க்க எதுவுமில்லை. எட்டி, கிண்ணத்தை இழுத்து, சோப்புத் தண்ணீரைத் தடவினார். வளையம் ஒரு வார்த்தை பேசாமல் கம்பியில் ஏறி உட்கார்ந்தது.

இரண்டாவது வளையமும் ஏறியது. சைலன்சர் இப்போது காரின் வயிற்றுக்கு அடியில் தொங்கி ஆடியது. ஆட வேண்டும். புதுசாக வேலைக்கு வருகிறவன் எவனும் இங்கேதான் தப்புப் பண்ணுவான், இரும்போடு இரும்பாக இறுக்கிப் போட்டுவிடுவான். எஞ்சின் உதறுகிறபோது குழாய் எங்காவது கழுத்தில் வெடித்துவிடும். ரப்பரில் தொங்கினால் அதுவும் கூடவே ஆடிவிட்டுப் போகும். இன்னொன்று, எல்லா இணைப்பையும் முதலில் விரலால் மட்டும் திருகி லூசாக விட வேண்டும். எஞ்சினிலிருந்து குழாய் இறங்குகிற இடத்தில் மூன்று நட்டு, நடுவில் ஒரு கிளாம்ப், சைலன்சர் வாயில் ஒரு கிளாம்ப். எல்லாம் லூசாக இருக்கும்போதே நேர் பார்த்து, அப்புறம் முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வர வேண்டும். பின்னாலிருந்து முன்னால் வந்தால் கடைசியில் முன்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். இது அவருக்குச் சாமி கும்பிடுகிற வரிசை மாதிரி, மாறியதே இல்லை. முன்பக்கத்து மூன்று நட்டுக்கும் கீழிருந்து கை போகாது, மேலே பானெட்டைத் திறந்துதான் பிடிக்க வேண்டும். புரண்டு, முழங்கையை ஊன்றி, மாப்பிள்ளையை விடுவித்து, எழுந்தார். இடுப்பு ஒரு தடவை என்னைக் கேட்டாயா என்றது. பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்து முதல் நட்டில் ஸ்பானரைப் பதித்தார். பதிந்தது. அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது.

துடித்தால்தான் தெரியும். மணி அடிக்கிறதா என்பது இப்போதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். துரைராஜ்தான். இடது காதில் வைத்துக்கொண்டார், வலதில் வைத்தால் வெறும் போன்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். “ஆச்சுங்களாண்ணா?” என்றான். “ஆச்சு ஆச்சு, சைலன்சர்தான் மாட்டிட்டிருக்கறேன்” என்றார். அவன் ஏதோ சொன்னான், அதில் பாதி வந்தது, பாதி வரவில்லை. வந்த பாதியில் வெளிநாட்டுக் கார் ஒன்று, மூன்று நாளாக நிற்கிறது, காரையே கொண்டுவந்துவிடட்டுமா என்பது போல இருந்தது. அவர் சிரித்து வைத்தார். சிரிப்பு எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிடுகிறது, இதை இந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டார். “சரி சரி, அஞ்சு மணிக்கு வா” என்று வைத்துவிட்டார். என்ன சரி என்றோம்? காரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டோமா? ஸ்பானர் கையில் இருக்க, போனைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் ஞாபகம் வந்தது, வியாழக்கிழமை, கேஸ்கட் வாங்கப் போகிறேன் என்று மனைவி வசந்தாமணியிடம் பொய் சொல்லிவிட்டு, காதைச் சோதிக்கப் போன இடம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் பெரிய கவசத்தை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்க சார் என்று கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே பஞ்சு மெத்தை ஒட்டிய சுவர். முதலில் கனத்த சத்தங்கள் வந்தன, அமுக்கினார், நல்ல மார்க் வாங்கப்போகிற மாணவன் மாதிரி சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமலே நேரம் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்தார். தோள் அசைந்தால் சத்தம் போடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அமுக்கு. ஒரு எஞ்சினின் கணக்கைப் பிடிக்கிறவனுக்கு ஒரு பெண்பிள்ளையின் கணக்கைப் பிடிக்கத் தெரியாதா. அமுக்கிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது. அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “சார், கடைசி அஞ்சாறு தடவை நான் சத்தமே போடலீங்க” என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபத்தொரு வயதில் பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டார். கனமான சத்தம் கேக்குங்க சார், கூர்மையான சத்தந்தான் போயிருச்சு, வலது பக்கம் ரொம்பவே, இனி அது திரும்பாது, மெஷின் வச்சுக்கலாம், வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க என்றாள். அவள் கொடுத்த காகிதச் சீட்டில் ஒரு கோடு, இடமிருந்து வலமாக, மலைப்பாதை மாதிரி சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. அதை நாலாக மடித்து டூல் பாக்ஸின் அடித்தட்டில், யாரும் தொடாத பைப் ஸ்பானருக்குக் கீழே வைத்திருக்கிறார். வீட்ல யாரையாவது. வீட்டில் இருப்பது ஒரே ஒருத்திதான்.

தோளில் கை விழுந்தது. வசந்தாமணி. கையில் டீ டம்ளர், இடது பக்கமாக வந்து நின்றிருந்தாள். இந்த முப்பத்தி நாலு வருஷத்தில் பேசுவதற்கு முன்னால் தோளைத் தொடுகிற பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை, சமையல்கட்டிலிருந்தே நாலு வீடு கேட்கிற மாதிரி ஏனுங்க என்பாள். சமீபமாகத்தான் பக்கத்தில் வந்து தொட்டுப் பேசுகிறாள். மகள் பெங்களூர் போனபிறகு இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய வீடு, வயசாக ஆகப் பாசம் கூடுகிறது போல என்று அவர் நினைத்துக்கொள்வார். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். “டீ ஆறுதுங்க, குடிச்சுட்டுச் செய்யுங்க. சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிருமா?” என்றாள். “முடிஞ்சிரும்” என்றார். “முடிஞ்சதும் ஸ்டார்ட் பண்ணுங்க, நான் வந்து பாக்கறேன்” என்றாள். சொல்லிவிட்டு உடனே போய்விடாமல் டம்ளர் காலியாகும்வரை நின்றாள். சொல்லிவிடலாமா? இப்போது, இந்த டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறபோது. வசந்தா, என்ற காது போயிருச்சு. அவ்வளவுதான், நாலு சொல். சொன்னால் அவள் என்ன செய்வாள், அழமாட்டாள், அவள் எளிதில் அழுகிறவள் இல்லை. ஆனால் பார்ப்பாள், ஒரு பார்வை பார்ப்பாள், கெட்டுப்போன மிக்சியை எடுத்து வைத்துவிட்டு, சரி, இனி அம்மியில அரைச்சுக்கலாம் என்பது போல. அதைத் தாங்க முடியாது. இந்த வீட்டில் எது கெட்டாலும் காது வைத்துச் சொல்கிறவர் அவர். பம்பு செட்டு பேரிங், ஃபேனு, கிரைண்டர், எல்லாம். காது போனால் அப்புறம் இந்த ஆள் யார், சம்பளமில்லாத வாட்ச்மேனா? “என்னங்க யோசன?” என்றாள். “ஒண்ணுமில்ல, இப்பல்லாம் கொசுவே இல்ல பாத்தியா” என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. உண்மையும்தான். இரண்டு வருஷமாக ராத்திரியில் ஒரு கொசு காதோரம் பாடியதில்லை. கடி மட்டும் எப்போதாவது இருக்கும், அது எறும்பாக இருக்கும். வார்டு கவுன்சிலரைப் பார்க்கிறபோதெல்லாம் பாராட்டுவார், மருந்து நல்லா அடிக்கறீங்க என்று. அந்த ஆளும் கூச்சத்தோடு ஏற்றுக்கொள்வார். வசந்தாமணி அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, “ஆமாங்க” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் புடவை உள்ளே மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நல்லவள். போன வருஷம் கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டாள், அந்தப் பக்கம் ஃபேன் காத்து தலையில அடிக்குதுங்க என்று, முப்பது வருஷமாக அடிக்காத காத்து. அவர் விட்டுக்கொடுத்தார், மனைவிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி. பானெட்டை மூடினார். பேனரில் மறுபடி இறங்கிப் படுத்தார், மாப்பிள்ளை மறுபடி அகப்பட்டுக்கொண்டான். முன்பக்கத்தில் ஸ்பானர் பதிந்த பிடிப்பு விரல்களில் இன்னும் இருந்தது. அடுத்தது நடு கிளாம்ப். சுற்றச் சுற்ற அது குழாயைக் கவ்விக்கொண்டது, இந்த இறுக்கம் கைக்கு ஒரு நிம்மதி, காதுக்கு வேலையில்லாத நிம்மதி. போன ஞாயிற்றுக்கிழமை சைலன்சர் இல்லாமலே முதல்முறையாக ஸ்டார்ட் செய்தபோதுதான், அதுவரை உள்ளுக்குள் பதுங்கியிருந்த பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரம் வாத்தியார் பேப்பரும் கையுமாக ஓடிவந்தார், பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது, அது அழுதது வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவருக்கு எஞ்சின் சாதுவாக ஓடியது. என்னடா இது, இவ்வளவு நல்ல எஞ்சினா என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டார். அடுத்த நொடியே, சைலன்சர் இல்லாத எஞ்சின் சாதுவாக ஓடாது என்று அவருக்குள்ளிருந்த பழைய காதுக்காரன் சொன்னான். அதற்கப்புறம்தான் வியாழக்கிழமை, அந்தக் கண்ணாடி அறை. இன்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்று நிசப்தமாக ஓடினால் அது சைலன்சரா, காதா? பின்பக்கத்துக் கிளாம்பையும் இறுக்கினார். குழாய் முனையைப் பிடித்து ஆட்டினார், ரப்பரில் சைலன்சர் மெதுவாக ஆடி நின்றது, எங்கும் இடிக்கவில்லை. வரிசை தப்பவில்லை. கைக்கு இன்னும் குறை சொல்ல முடியாது. ஒருவேளை அந்தப் பெண்ணின் மெஷின்தான் சரியில்லையோ. மெஷின் கெடாதா, எத்தனை மெஷின் பார்த்திருக்கிறோம். காரை ஜாக்கியிலிருந்து இறக்கினார்.

சீட்டில் உட்கார்ந்தார். ஃபைபர் உடம்பு மதிய வெக்கையில் சூடேறியிருந்தது. கொய்யா மரத்தில் ஒரு அணில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. அவள் வருகிறாளா என்று பார்த்தார், வாசற்படியில் கை துடைத்தபடி வந்து நின்றாள். சாவியைத் திருப்பினார். ஸ்டியரிங்கில் உதறல் வந்தது, முதுகில் வந்தது, எஞ்சின் பிடித்துக்கொண்டது. காதைக் கொடுத்தார். கீழே, அடிவயிற்றில், மும் மும் மும் என்று ஒரு முனகல், அவ்வளவுதான். அவ்வளவேதான். போன வாரத்தை விடவும் மெத்தென்று. ஆக்சிலேட்டரை மிதித்தார், முனகல் கனத்தது, வேறொன்றுமில்லை. சைலன்சர் பிடித்துக்கொண்டது, சாமி, பிடித்துக்கொண்டது! இது எஞ்சின் இல்லை, பூனை. காது கேட்கிறது, எது எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவு வருகிறது. துரைராஜ் வரட்டும், அந்த வெளிநாட்டுக் காரையும் கொண்டுவரட்டும், பார்த்துவிடலாம். அந்தப் பெண் கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட வேண்டும். இன்னும் ஒரு மிதி மிதித்து, முகமெல்லாம் சிரிப்பாகத் தலையைத் தூக்கினார். அணில் இல்லை. கொய்யா மரமே காலி. எதிர்வீட்டு ஜன்னலை வாத்தியார் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். வாசற்படியில் வசந்தாமணி இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

மிதித்த கால் மிதித்தபடியே நின்றது. சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அது முகத்திலேயே இருந்தது. அவள் காதை ஒரு கையால் மட்டும் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள், காரைச் சுற்றி அவருடைய இடது பக்கம் வந்தாள், குனிந்து கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். முதுகிலிருந்த உதறல் நின்றது. அப்புறம் அவர் தோளில் கையை வைத்தாள்.

“முன்னால எங்கியோ ஒழுகுதுங்க. சாட்டையில அடிக்கற மாதிரி டப்பு டப்புன்னு அடிக்குது” என்றாள்.

அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்பானர் பதிந்தது, போன் துடித்தது, அப்புறம்? அப்புறம் டீ. மூன்று நட்டும் விரலால் திருகியபடியே இருக்கின்றன. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வரிசை தப்பியது, அதை ஒரு சின்னப் பையன்கூடக் கேட்டிருப்பான். காதில் பஞ்சு வைத்த பையன்கூட.

“எனக்கு நல்லா ஓடற மாதிரி இருந்துது வசந்தா” என்றார். “பூனையாட்டம் இருந்துது.”

“தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“நான் ஒரு வருசமா உங்க இடது பக்கமாத்தான வந்து பேசறேன்” என்றாள். “கட்டில்ல எதுக்கு இடம் மாத்திப் படுத்தேன்னு நெனச்சீங்க? ஃபேனுக்கா? அக்கட்டால படுத்திருந்தா நான் பேசறதுக்கெல்லாம் நீங்க சிரிச்சு வச்சீங்க. என்ற அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன், அதுக்கும் சிரிச்சீங்க. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தார். கெட்டுப்போன மிக்சியைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, அவ்வளவுதான், எளிதில் அழாதவளுக்கு. ஒரு வருஷமாக இவள் அவரைச் சுற்றிச் சுற்றி இடது பக்கம் நடந்திருக்கிறாள், அவர் அதைப் பாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், நினைத்ததில் தப்பும் இல்லை.

“சொல்லியிருக்கலாமல்ல நீ” என்றார்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். காதுதான் நாமுன்னு இருக்கற மனுசன்கிட்ட நான் எப்பிடிங்க வந்து சொல்றது?”

எழுந்து பானெட்டைத் திறந்தார். பதிமூணாம் நம்பரை எடுத்து முதல் நட்டை இறுக்கினார், இரண்டாவதை இறுக்கினார், மூன்றாவதை. குழாய் சுட்டது, விரல் நுனி சிவந்தது. மறுபடி சாவியைத் திருப்பினார். அதே மும் மும் மும். முன்னே கேட்டதற்கும் இதற்கும் ஒரு இம்மி வித்தியாசம் தெரியவில்லை. வசந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் குனிந்து, தலையைச் சாய்த்து நின்றாள். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அவர்களுடைய வண்டி என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொன்னவர், யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“எப்பிடியிருக்குது வசந்தா? சொல்லு.”

அவள் அவசரப்படவில்லை. அவர் எப்படிக் கேட்பாரோ அப்படியே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “டப்பு டப்பு நின்னுருச்சுங்க” என்றாள். “இப்ப நம்ம பழைய கிரைண்டர்ல மாவு பாதி ஆன பொறவு வருமே, அந்தச் சத்தம். இக்கட்டால மட்டும் லேசா ஊசி ஊசியா என்னமோ ஒண்ணு.” விரலை நீட்டினாள். மூன்றாவது நட்டு. அவர் ஸ்பானரை வைத்து இன்னும் கால் சுற்று கொடுத்தார். “ம்ம்” என்றாள், “போயிருச்சு.”

எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் போர்டிகோ படியில் உட்கார்ந்தார்கள், அவர் வலது ஓரமாக, அவள் இடது பக்கம். டூல் பாக்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்து, கோடு இறங்குகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அஞ்சு மணிக்குத் துரைராஜ் வருவான். காரக் கொண்டாந்துருவான் போல.”

“வரட்டும். நீங்களே சொல்லிருங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

அவர் தலையை ஆட்டினார். சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றியது, நாலு சொல்தானே. அணில் திரும்பி வந்து கொய்யாக் கிளையில் வாலை உயர்த்தி உதறியது, வாய் திறந்து திறந்து மூடியது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

“அப்ப, கொசு?”

வசந்தாமணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் தோளைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்:

“அது எங்கீங்க போச்சு. தெனமும் ராத்திரி நீங்க தூங்குன பொறவு நாந்தான் உக்காந்து ஓட்டறேன்.”